இரண்டாவது வரி

எழுந்ததும் சாப்பிடு, சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். அதன் பிறகே அந்த மாத்திரை. விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்துப் போடக் கூடாது, ஒன்றே போதும் என்றார் டாக்டர்.

"கொசுவே இல்லாத வீட்டுல மலேரியா மாத்திரை எதுக்குடி?" என்று சிரித்து உன்னை நிறுத்த வைத்தவன் நான்தான். நாவல்களைக் கடைசிப் பக்கம் வரை படிப்பவன், மருந்துத் தாளில் முதல் வரியோடு நின்றுவிட்டேன். தன் மூட்டுகளைத் தானே தாக்கும் உடம்புக்கும் அதுதான் மருந்து என்று இரண்டாவது வரியில் இருக்கிறது. உன் விரல்கள் வீங்கிய பிறகுதான் அதைப் படித்தேன்.

வியாழக்கிழமை கண் பரிசோதனை. இந்த மாத்திரைக்கு வருஷா வருஷம் பார்க்க வேண்டுமாம். நானும் வருகிறேன், நீ பேசாவிட்டாலும் சரி.

பி.கு.: நெஞ்செரிச்சல் மருந்தை இதோடு குடிக்காதே, நாலு மணி நேரம் போகட்டும்.

தண்ணீர் பாட்டில் மூடியைத் தளர்த்தி வைத்திருக்கிறேன்.