தந்தப் படத்து அம்மாளின் மூக்கு

அன்பு மகள் சித்ரலேகாவுக்கு,

காந்திமதி அம்மன் புண்ணியத்தில் அப்பாவும் நானும் இங்கே சுகம். நார்வே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் திருத்துவார், அதனால்தான் எழுதுகிறேன்.

டவுண் வீட்டுப் பரண் பெட்டியில், கண்ணாடிச் சட்டத்துக்குள், யானைத் தந்தத்தில் வரைந்த ஒரு பெண்ணின் படம் கிடைத்தது. தீப்பெட்டி அளவுதான். பின்னால் 1868 என்று இருக்கிறது, பெயர் இல்லை. தலைநிறைய நகை, எடுப்பான மூக்கு. பார்த்ததுமே அப்பா, இது எங்க பூட்டி, அப்படியே என் மூக்கு என்று முடிவுகட்டிவிட்டார். பாளையங்கோட்டையிலிருந்து பார்க்க வந்த கோமு அத்தை, "அண்ணே, இது எம்மூக்குல்லா" என்றாள். அப்பா சும்மா இருந்திருக்கலாம். "உனக்கு இருக்கது மூக்காட்டி, சின்ன வெங்காயம்லா" என்றார். அத்தை காப்பியைத் தொடாமல் எழுந்து போனவள், தன் மகள் நித்யா கல்யாணத்துக்குத் தாய்மாமனே வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள். அப்பாவும் ரோஷமாகச் சரி என்றார். ஆனால் அதன்பிறகு தோசையில் உப்பு இல்லை என்றுகூடக் குறை சொல்லவில்லை, அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

நான்தான் அத்தையை, அண்ணன் இல்லாத நேரம் வந்து படத்தைப் போட்டோ எடுத்துக்கொள் என்று கூப்பிட்டேன். வந்தவள் மங்கலாக இருக்கிறதென்று சட்டத்தைக் கழற்றி, முந்தானையை நனைத்து ஒரு தேய் தேய்த்தாள். தண்ணீரில் கரைகிற சாயமாம், எங்களுக்கு யார் சொன்னது? "மதினி, மூக்கைக் காணோமே!" என்று அலறுகிறாள், அந்த நேரம் பார்த்து அப்பா காய்கறிப் பையோடு உள்ளே வருகிறார். படத்தைப் பார்த்தார், தேம்புகிற தங்கச்சியைப் பார்த்தார். பைய பக்கத்தில் உட்கார்ந்து, "அழாதட்டி, மூக்கு எங்கயும் போகல, உன் முகத்துலதான இருக்கு" என்றார். அத்தை உடனே, "இல்லண்ணே, அது உன் மூக்குதான்" என்றாள். "உன்னோடதுன்னு சொல்லுதேன்லா" என்று இவர் குரலை உயர்த்த, மறுபடியும் சண்டை.

நாளை தாய்மாமன் சீருக்குப் பட்டு எடுக்க இரண்டு பேரும் ஒன்றாகக் கடைக்குப் போகிறார்கள். அந்த அம்மாள் நம் குடும்பமே இல்லையோ என்னமோ என்று கேட்க என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

கல்யாணம் ஆவணியில். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. இருவரும் நீண்ட ஆயுசோடு மனம் நிறைந்து வாழ வேண்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா ஞானம்பாள்