அம்மா சொல்லாத பெயர்

1936, ஆவணி 14. அனுமந்தன்பட்டி.

இன்று போலீஸ் ஏட்டு மறுபடி விசாரிக்க வந்தார். சீமைக்குப் போய்ப் படிக்க நான் போட்ட பாஸ்போர்ட்டு மனு சித்திரையில் தள்ளுபடியானது. அந்த மனுவின் விசாரணையில் மகன் பேர் என்ன என்று ஏட்டு கேட்டதற்கு அம்மா, வீட்டில் கூப்பிடுகிறபடி, ராசு என்று சொல்லிவிட்டாள். மனுவில் இருப்பது குருசாமி. அது தாத்தாவின் பெயர். மாமனார் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். என்னையும் ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

இரண்டாவது மனுப் போட்டதிலிருந்து அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் சரி என்றாள்.

இன்று ஏட்டு கேட்டதும் தரையைப் பார்த்துக்கொண்டு, "குருசாமி" என்றாள். உள்ளே கட்டிலில் தாத்தா இருமுவதை நிறுத்தினார்.

"போன தடவ வேற பேரு சொன்னீக. இப்ப யாரும் சொல்லிக் கொடுத்தாகளா?" என்றார் ஏட்டு.

அம்மா என்னைப் பார்த்தாள். அதை அவரும் பார்த்தார். நான் வழக்கத்தை விளக்க ஆரம்பித்தேன்.

"வழக்கம் எனக்குத் தெரியாதா தம்பி. நான் எழுதுறத வாசிக்கிற தொரைக்குத் தெரியணும்ல."

ஏதோ இரண்டு வரி எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

அதன் பிறகு அம்மா தாத்தா முன்னால் போகவே இல்லை. அவருக்கு நான்தான் சோறு கொண்டுபோய் வைத்தேன்.

படுக்கும் முன் அம்மா கேட்டாள்: "இன்னொருக்கா வந்தாகன்னா, இன்னொருக்கா சொல்லணுமாப்பா?"

வரமாட்டார்கள் என்றேன். வந்தால்தான் மனு இன்னும் தள்ளுபடியாகவில்லை என்று அர்த்தம்; எனக்கு அதுதான் நல்லது. அதை அவளிடம் சொல்லவில்லை.