ஈர மண்ணும் என் கருவியும்

நவ. 11, செவ்வாய்

மழை. பெரகலயில் வேன் மாறி ஏறி, மதியம் தேயிலைத் தோட்டம் வந்து சேர்ந்தேன். மண்சரிவில் எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கடைசி மூன்று காம்பராவும் மண்ணுக்குள். அம்மா பள்ளிக்கூடத்து முகாமில். அண்ணி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

சரிவில் மண் அள்ளும் பெக்கோ சும்மா நிற்கிறது. ஏன் என்று தோட்டத் தலைவரிடம் கேட்டேன்.

"ஒங்க அண்ணந்தான் நிறுத்தச் சொன்னாப்ல. தங்கச்சி ஜெர்மனியில இருந்து மிசினோட வருது, வாளி போட்டுக் கிளற வேணாம்னு."

என் கையில் ஒரே ஒரு பை. இரண்டு உடுப்பு, அம்மாவுக்கு மருந்து. அண்ணன் அதைப் பார்த்தான். பெரிய சாமான் பின்னால் வருகிறது என்று நினைத்திருப்பான்.

நவ. 12, புதன்

பனிமூட்டம். வெறும் தேத்தண்ணி.

போன தீபாவளிக்கு என் ஆய்வைப் பற்றி போனில் சொன்னது: டெராஹெர்ட்ஸ் கதிர், துணி, அட்டைப்பெட்டி எல்லாம் தாண்டி வரும். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான், லயமே கேட்டது. மண் என்று நான் சொல்லவில்லை. துணியும் மண்ணும் ஒன்றுதானே என்று எடுத்துக்கொண்டான், பாவம்.

எப்படிச் சொல்வது?
– என் கருவிக்குள் மீக்கடத்திச் சந்திகள், கண்ணுக்குத் தெரியாத சிறிசு, வரிசை வரிசையாக. ஒன்றுக்கு எட்டாத மெல்லிய கதிர், எல்லாம் சேர்ந்தால் எட்டும்.
– திரவ ஹீலியக் குளிர் வேண்டும். ஓர் அறை நிறையச் சாமான்.
– தண்ணீரில் அந்தக் கதிர் அடங்கிப்போகும். இங்கே மண்ணே சேறு.

மூன்றாவது போதும். முதல் இரண்டும் என் பெருமைக்கு.

இன்றும் சொல்லவில்லை. கோழை.

நவ. 13, வியாழன்

மழை விட்டது.

தலைவர்: "வெயில் இருக்கப்பவே தோண்டணும் பாப்பா. மறுபடி பேஞ்சா மிச்ச மேடும் எறங்கிரும்."

அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, மிசின் வராது. வந்தாலும் ஈர மண்ணுக்குள்ள அதுக்கு ஒண்ணும் தெரியாது."

சரிவைப் பார்த்தான். பிறகு, "மனுச ஒடம்புச் சூட்டக்கூட கண்டுபிடிக்கும்னு சொன்னியே பாப்பா?"

சொன்னேன்தான். அந்தக் கதிர் நம் எல்லோர் உடம்பிலிருந்தும் வருகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணி உயிரோடு இருக்கிறாள் என்று இத்தனை நாளும் காத்திருக்கிறான்.

"சூடு இருக்காதுண்ணே."

தலையை ஆட்டினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறிப் போய், பெக்கோக்காரரிடம் தானே சொன்னான்:

"எடுங்க. கால் பக்கம் பாத்து எடுங்க. கொலுசு போட்டிருப்பா."