டாமியின் வெள்ளிக் குவளை

காப்பார்,
12 ஜூன் 1932

மாதாவின் காவலில் இருக்கும் என் பிலோமினாவுக்கு இருதயம் எழுதுவது. நான் சுகம். போன மாதம் கண்ட காய்ச்சல் விட்டுவிட்டது. உன் தங்கைக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததா? ஊருக்குப் போன பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

ரப்பர் விலை விழுந்ததில் நம் துரைக்கும் வேலை போய்விட்டது. அவரும் துரைசானியும் அடுத்த கப்பலில் சீமைக்குப் போகிறார்கள். பங்களாச் சாமான்களை விற்கிறார்கள். பழைய வெள்ளி சேகரிக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் கோலாலம்பூரிலிருந்து வந்தார். நான்தான் எல்லாவற்றையும் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். தேநீர்க் குடுவையைக் கவிழ்த்து, அடியிலுள்ள சிங்க முத்திரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நூற்றைம்பது வருஷத்துப் பழசாம். ஒவ்வொன்றின் மேலும் வாயால் ஊதினார். முன்பு பெயர் வெட்டி அழித்திருந்தால் ஆவி படியும்போது தெரிந்துவிடுமாம்.

கடைசியில் நீ வளர்த்த துரைசானியின் பிள்ளை, நம் டாமி, பால் குடித்த குவளையை எடுத்தார். அதுவும் துரைசானியின் பாட்டனார் வீட்டுச் சாமான்தான். ஞானஸ்நானத்தின்போது அதில் பிள்ளையின் பெயரை வெட்டினார்களே. நேர்த்தியான வேலை, பெயரை மட்டும் தேய்த்து எடுத்துவிடலாம் என்றார். துரை தலையாட்டினார். துரைசானி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "பிலோமினாகிட்ட குடு. அவ கையாலதான் இதுல குடிச்சான்" என்றார். எனக்கு வாங்கக் கை நீளவில்லை. காய்ச்சலை உடனே சொல்லாததால்தான் பிள்ளை செத்தது என்று நீ உன்னையே நொந்துகொண்டு ஊருக்குப் போனதைச் சொல்லிவிட்டேன். "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரே. அவகிட்ட யாரும் சொல்லலையா?" என்று கேட்டுத் துரைசானி அழுதார்.

யாரும் சொல்லவில்லை பிலோமினா. எனக்கே அன்றுதான் தெரியும். குவளை இப்போது என் பெட்டியில் உனக்காக இருக்கிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர் ஒருவர் வீட்டில் எனக்குச் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. பின்கட்டில் ஓர் அறை தருகிறார்கள். ஜன்னல் உண்டு. மாதா கோயிலும் பக்கம்தான்.

கிள்ளானில் பிள்ளையின் கல்லறையை இனி யார் பார்ப்பார்கள் என்று துரைசானி கேட்டார். "பிலோமினா இருக்கா அம்மா" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவர் அதை நம்பிக்கொண்டுதான் கப்பல் ஏறப்போகிறார்.

என்னைப் பொய்யனாக்கிவிடாதே. அலைகளை அடக்கி மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாளாக.

உன்,
இருதயம்