முதலாளி வீட்டுச் சம்பந்தம்

கண்டி,
பெரஹரா திருவிழா முடிந்த மறுவாரம்.

அன்பு மகள் யசோதாவுக்கு,

உன் அப்பா உயிரோடும் வழக்கமான கருவாட்டு வாடையோடும் இருக்கிறேன். அந்தக் குளிர் நாட்டில் உனக்குத் தடிமன், காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். என் கையில் பூனை கடித்த காயம் ஆறிவிட்டது. விசர்நாய்க்கடிக்குப் போடும் ஊசியும் போட்டாயிற்று, பயப்படாதே.

நீ லண்டனுக்குப் போகும்போது பூனை பிடிக்கும் கம்பிக் கூட்டையும், மார்க்கெட்டுக்குப் பின்னால் திரியும் பூனைகளையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். உன்னோடு சேர்ந்து அலைந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது தொண்டர் படை என்றால் நானும், பக்கத்தில் மாசிக் கருவாடு விற்கும் மஹ்மூத் நானாவும், அவருடைய ஓட்டோவும்தான். எட்டாம் வகுப்போடு நின்ற கருவாட்டு வியாபாரி பூனைக்குப் பாதுகாவலன் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

வியாபாரிகள் சங்கத் தலைவர் பெரியதம்பி முதலாளியை உனக்குத் தெரியும். புடவைக் கடை, நெற்றி நிறையத் திருநீறு. பெரஹராவுக்கு முன் நடந்த கூட்டத்தில் எழுந்து, பூனைகள் சேலைக் கட்டுகளில் மூத்திரம் பெய்கின்றன, சண்டை போட்டுக் கூரை ஓடுகளை உடைக்கின்றன, ஆள் வைத்துச் சாக்கில் பிடித்து ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்துக்குள் விட்டுவிடுவோம் என்றார். விஷம் வைக்கலாமே என்று யாரோ சொன்னதும், "சீச்சீ, வாயில்லா ஜீவன்ப்பா! பாவம் நமக்கு எதுக்கு?" என்று காதைப் பொத்திக்கொண்டார். மலையில் விட்டால் நாயும் நரியும் தின்னும். பாவம் நரிக்குப் போகும், முதலாளி கை சுத்தம். நம் ஊர்ப் பெரிய மனிதர்களின் ஜீவகாருண்யம் இவ்வளவுதான். குட்டியைக் கொல்ல மாட்டார்கள். சப்பாத்துப் பெட்டியில் போட்டு மீன் கடை வாசலில் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போவார்கள். அன்றைக்கு அதற்குச் சம்மதமென்று கை தூக்கியவர்களில் பாதிப் பேர், காலையில் அதே பூனைகளுக்கு மீன் தலை போட்டுக் கொஞ்சியவர்கள்.

நான் எழுந்து நின்றேன். பெரஹரா முடியும்வரை அவகாசம் கொடுங்கள், எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்துவிடுகிறேன், குட்டியும் நிற்கும் சண்டையும் நிற்கும் என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். நிற்காவிட்டால் சாக்கின் வாயை நானே பிடிக்கிறேன் என்றும் சொல்லித் தொலைத்தேன். அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் சபைக்கு நன்றாகக் கேட்டது.

ஞாயிறு தோறும் கூடு வைத்துப் பிடித்து சந்திரிகா டொக்டரிடம் கொண்டு போனோம். ஒப்பரேசன் முடிந்ததற்கு அடையாளமாக இடது காது நுனியை வெட்டி அனுப்புவார். எல்லாம் முடிந்தும் சண்டை நிற்கவில்லை. காரணம் ஒரு மஞ்சள் கடுவன் பூனை. பொழுது சாயக் கூரை வழியாக இறங்கும், கண்டதையெல்லாம் அடிக்கும், திரும்பிப் போய்விடும். நெத்தலி வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில், விலை அதிகமென்று நான் வீட்டில் தின்னாத கட்டாக் கருவாட்டை வைத்தேன். துரை உள்ளே வந்தார். என் கையைக் கடித்ததும் அவர்தான்.

டொக்டர் மூக்கைச் சுருக்கி, பவுடர் வாசம் அடிக்கிறதே, வீட்டுப் பூனையா என்று கேட்டார். கருவாட்டுக்குள்ளேயே காலம் கழித்த எனக்கும், மாசிக்குள் கிடக்கும் நானாவுக்கும் மூக்கு செத்துப் பல வருடம். நாங்கள் இரண்டு பேரும் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வாசமும் இல்லை, சுத்தமான தெருப் பூனை என்று அடித்துச் சொன்னோம்.

மறுநாள் முதலாளியின் மனைவி வடிவம்மா, அந்தக் கடுவனைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு அழுதபடி கடைக்கு வந்தார். பின்னால் முதலாளி. "எங்க ராஜாவ என்னய்யா பண்ணுன? காத வேற அறுத்துட்டியே!" என்று முதலாளி கத்தினார். மார்க்கெட்டே கூடிவிட்டது. மஹ்மூத் நானாதான் மெதுவாகக் கேட்டார்: "கோவிக்க வாணாம் முதலாளி. அப்ப இங்க திரியிற குட்டியெல்லாம் ஒங்கட ஊட்டுப் பேரப்புள்ளைகளா?"

மீன் கடைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் ஐஸ் கட்டி உருகியிருக்கும். வடிவம்மா சிரிக்கவில்லை. மதிலோரம் உட்கார்ந்திருந்த மஞ்சள் பூனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஐயோ, எல்லாம் நம்ம ராஜா சாடைங்க! இதுகளையா சாக்குல கட்டப் பாத்தீங்க?" என்று புருஷனைப் பிடித்துக்கொண்டார். முதலாளி மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றார்.

அடுத்த கூட்டத்தில் சாக்குப் பேச்சே இல்லை. பூனைகள் இங்கேயே இருக்கட்டும், இனி வரும் பூனைகளின் கருத்தடைக்குச் சங்கம் உதவும் என்ற தலைவர், "இது நான் ஆரம்பத்துலருந்தே சொல்லிட்டு வர்ற யோசனைதானே" என்றும் சொன்னார். அதே கைகள் மறுபடியும் உயர்ந்தன.

ஆக, என் பேச்சும் காப்பாற்றவில்லை, என் ஞாயிற்றுக்கிழமைகளும் காப்பாற்றவில்லை மகள். பெரிய இடத்துச் சம்பந்தம் காப்பாற்றியது. வடிவம்மா வீட்டிலிருந்து தினமும் மீன் சோறு வருகிறது. மஞ்சளாக இருப்பவற்றுக்கு மட்டும். கறுப்புப் பூனைகள் பக்கம் வேலைக்காரி திரும்பியும் பார்ப்பதில்லை. அவற்றுக்கு நான் தனியாகப் போடுகிறேன். பூனைக்குக்கூட பரம்பரை பார்த்துச் சோறு போடும் இந்தச் சனத்தை நினைத்தால் துப்பத் தோன்றுகிறது. துப்பினால் கடை வாசலை நான்தான் கழுவ வேண்டும்.

உன் விசா நீடிப்புக்கு இன்னும் பதில் இல்லை என்று சொன்னாய். அங்கே விசாக் கந்தோரில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்படிப்பட்டவர்களோ தெரியாது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் சொல்வதற்கு, கருவாட்டுக் கடை அழகமுத்து என்பதைவிடப் பெரிய பெயர் எதையும் நான் உனக்குச் சேர்த்து வைக்கவில்லை. சாடை பார்க்காமல், யாருடையவள் என்று கேட்காமல், உன்னை இருக்க விடுகிற மனிதர்கள் உனக்கு வாய்க்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
அழகமுத்து