உள்புண்ணுக்குத் தண்ணி ஆவாது

6-9-1987, ஞாயிறு

நேற்று விடிந்ததிலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. மத்தியானத்துக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. மகன் பகலவன் தியாகதுருகத்தில் ஒரு வாடகைக் காரைப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் செத்துப் பிழைத்தேன். டாக்டர் ரப்பர் டியூப் விட்டார். உயிர் திரும்பி வந்தது.

"பிராஸ்டேட் வீங்கி மூத்திரப் பாதைய நெருக்குதுங்க பெரியவரே. ஆபரேஷன் பண்ணிக்கிறதுதான் நல்லது. பாண்டிச்சேரிக்கு எழுதித் தரேன்."

முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். வண்டி எடுத்தால் இறங்க முடியாதென்று தண்ணியே குடிக்காமல் ஓட்டியவன். அதனால் வந்ததா என்று கேட்டேன். அதனால் இல்லையாம், வயசானால் வருமாம். அப்படியானால் யாரைத் திட்டுவது?

11-9

டியூப், காலில் கட்டிய பை, அதன்மேல் வேட்டி. பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு "குடலிறக்கமா?" என்றான். ஆமாம் என்றேன். இதை எந்த வாயால் சொல்வது?

16-9

பாண்டிச்சேரியில் 18-ஆம் தேதி சேர வரச்சொல்லியிருக்கிறார்கள். நாளையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். இடஒதுக்கீடு கேட்டு ஊரே கிளம்புகிறது, பகலவனும் கிளம்புகிறான். என் தேதியைச் சொன்னேன்.

"எல்லாரும் ரோட்டுக்குப் போறாங்கப்பா. நான் மட்டும் வூட்டுல குந்திக்கினு இருந்தா நாளைக்கு வேலைன்னு எப்டி கேக்கறது?"

அவன் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் கோபம் வருகிறது.

18-9

இன்றைக்குப் போகவேண்டிய நாள். சாலையில் ஒரு வண்டிச் சத்தமில்லை. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருக்கிறார்களாம்.

20-9

காய்ச்சல். பையில் கலங்கலாக இறங்குகிறது. மனைவி தைலம்மாள் கடுக்காய்க் கஷாயம் போட்டாள்.

22-9

எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்கிறார்கள். பகலவன் இன்னும் வரவில்லை. இவள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடக்கிறாள்.

24-9

வந்துவிட்டான். மரம் வெட்டிக் கையெல்லாம் கொப்புளம். என் பையைப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நாளைக்குப் புறப்படுகிறோம்.

29-9, பாண்டிச்சேரி

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு எனக்கில்லை. வயிற்றைக் கிழிக்கவில்லை, மூத்திர வழியாகவே கருவி விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். முடிந்தது என்கிறார்கள்.

30-9

பையில் சிவப்பு. அப்படித்தான் வரும் என்கிறார் நர்ஸம்மா. தூக்கம்.

1-10

டியூப் வழியாக உள்ளே கழுவிவிட்டுக்கொண்டிருந்த தண்ணியை நிறுத்திவிட்டார்கள். இனி நான்தான் குடித்துக் கழுவவேண்டுமாம். ஜக்கு ஜக்காகக் குடிக்கச் சொல்லிவிட்டு நர்ஸம்மா போனார். அவர் தலை மறைந்ததும் தைலம்மா ஜக்கை எடுத்துக் கட்டிலடியில் வைத்தாள்.

"அவங்களுக்கு இன்னா தெரியும்? பச்சப் புண்ணுக்கே தண்ணி ஆவாது. இது உள்புண்ணு வேற. சீழு கோத்துக்கும். நான் மூணு புள்ள பெத்தவ, எனக்குத் தெரியாதா?"

துணியை நனைத்து உதட்டில் ஒற்றினாள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. குடித்தால் மூத்திரம் வருமே, அந்தப் பயம். சாயங்காலம் நர்ஸம்மா கேட்டபோது "ஆச்சுங்க, எல்லாம் குடிச்சிட்டாரு" என்றாள். ஜக்கு காலியாகத்தான் இருந்தது. தொட்டியில் கொட்டியிருந்தாள்.

3-10

நேற்று எழுத முடியவில்லை.

விடியற்காலையில் பையில் இறங்குவது நின்றுபோனது. மறுபடியும் அதே கல். ஐயோ என்று கத்திவிட்டேன், வார்டே எழுந்துகொண்டது. டாக்டர் வந்து பெரிய ஊசிக்குழலால் உறிஞ்சினார். ரத்தக் கட்டி ஈரல் துண்டு மாதிரி வந்து விழுந்தது. இன்னும் அடைத்தால் திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நிஜத்தச் சொல்லுங்க. தண்ணி குடிச்சீங்களா?"

இவள் தான் செய்ததைச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் கத்தவில்லை. "தண்ணி கம்மியானா ரத்தம் கட்டி வழிய அடச்சிக்கும்மா. புண்ணக் காப்பாத்துறேன்னு ஆளையே கொன்னுருப்பீங்க" என்று மட்டும் சொன்னார். இவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

நானும் சேர்ந்துதானே ஏமாற்றினேன்? அதை நான் சொன்னேனா? சொல்லவில்லை. அவளையே பேச்சு வாங்கவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

4-10

தைலம்மா சாப்பிடவில்லை. டம்ளர் காலியாகக் காலியாக ஊற்றித் தருகிறாள். மூச்சுமுட்டக் குடிக்கிறேன். பையில் நிறம் வெளுக்கிறது.

"ராத்திரி டாக்டருகிட்ட நானும்தான் கூட்டுன்னு சொல்லிட்டேன்" என்றேன். பிறகுதான் ஒரு இட்லி பிட்டாள்.

6-10

டியூபை எடுத்துவிட்டார்கள். முதல் தடவை நெருப்பு. கக்கூஸுக்குள் போவதற்குள் கொஞ்சம் வேட்டியிலும் போனது. ஆனாலும் வந்தது, தானாக. கதவுக்கு வெளியே இவள் நின்றிருந்தாள்.

"இன்னாங்க, வந்துச்சா?"

உள்ளே நான் அழுதுகொண்டிருந்தேன்.

9-10, வீடு

திரும்பிவிட்டோம். வழியெல்லாம் வெட்டிய மரங்களை ஓரத்தில் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். இவள் நான்கு பாட்டிலில் தண்ணி நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு, விழுப்புரம் தாண்டுவதற்குள் இரண்டை என்னைக் குடிக்கவைத்துவிட்டாள். உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றது. ஆம்பிளைகள் எல்லாரும் சுவர் ஓரம் போனார்கள். நானும் போய்வந்தேன். இத்தனை காலமாகக் கடைசி ஆளாக நின்றவன், இன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்தே முடித்துத் திரும்பினேன்.

நல்ல வெயில். இவள் உதடு வெடித்திருந்தது. டம்ளரில் ஊற்றி நீட்டினேன். காலையிலிருந்து அவள் ஒரு வாய் குடித்ததை நான் பார்க்கவில்லை.

"எனக்கு வேணாங்க. பொம்பளைங்க வழியில எங்க போறது? வூட்டுக்குப் போயி குடிச்சிக்கிறேன். எப்பவும் அப்டித்தான்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பியது. தியாகதுருகம் வரும்வரை அந்த டம்ளரைச் சிந்தாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.