உங்கள் நாற்காலியில் சிவப்புத் தொப்பி

என் உயிரானவருக்கு,

நம் டாரெல் எந்தக் கல்லூரிக்கு அமெரிக்க ஃபுட்பால் ஆடப்போகிறான் என்று, அந்தக் கல்லூரியின் தொப்பியை ஊரறியப் போட்டுக் காட்டும் நாள் இன்று. மேசைமேல் இரண்டு இருந்தன. சிவப்பு, சாகும்முன் நீங்கள் வாக்குக் கொடுத்த கல்லூரி. அங்கே பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டம். நீலக் கல்லூரியில், எறிவதில் கெட்டிக்காரனான இவனைப் பந்தை எறியவிடுவார்கள்.

"அவங்கப்பா எங்கிட்ட கையடிச்சுக் குடுத்தாரும்மா" என்றார் சிவப்புக் கோச்.

"அடிச்ச கை மண்ணுக்குள்ள போயிடுச்சு, கோச். எறியப்போற கை இவனோடது" என்றேன்.

பிள்ளை சிவப்பைத் தொட்டபடி உங்கள் காலி நாற்காலியையே பார்த்தான். நான் அந்தத் தொப்பியை எடுத்து நாற்காலியில் வைத்தேன். அவன் நீலத்தை மாட்டிக்கொண்டான்.

கோபமா?

சாயங்காலம் பனிமூட்டத்தில் அவன் கொல்லையில் எறிந்துகொண்டிருந்தான். மேலே போன ஒரு பந்து விழுந்த சத்தமே கேட்கவில்லை. நீங்கள் பிடித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னமும்
உங்கள் மனைவி